தச்சன் என்ற சொல்லும் கலிலேயாப் படகும்



மாற்கு ஆறாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களை இந்த வாரம் மெதுவாக வாசித்துப் பாருங்கள். நம்முடைய ஆண்டவர் தாம் வளர்ந்த நாசரேத்துக்கு வருகிறார். ஓய்வுநாளில் ஜெபஆலயத்தில் போதிக்கிறார். கேட்டவர்கள் முதலில் வியக்கிறார்கள். அடுத்த கணமே அந்த வியப்பு இடறலாகிறது. இவருடைய தாயையும் சகோதரரையும் நாம் அறிவோமே, இவர் தச்சர்தானே என்று பேசிக்கொள்ளுகிறார்கள். ஆண்டவர் ஏறக்குறைய முப்பது வயதுவரை என்ன தொழில் செய்தார் என்பதற்கு நான்கு சுவிசேஷங்களிலும் உள்ள நேரடியான சான்று இந்த ஒரு சொல் மட்டுமே. அதுவும் அவரை நேசித்தவர்கள் சொன்னதன்று; அவரைத் தள்ளினவர்கள் சொன்னது.

கிரேக்க மூலத்தில் மாற்கு எழுதியிருக்கும் சொல் 'தெக்தோன்'. அதை உரக்கச் சொல்லிவிட்டு, உடனே நம்முடைய 'தச்சன்' என்ற சொல்லையும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் உறவுச் சொற்கள். வடமொழியில் மரவேலை செய்பவனைக் குறிக்கும் 'தக்ஷன்' என்ற சொல்லும் கிரேக்கத் 'தெக்தோ'னும் ஒரே வேரில் பிறந்தவை. வடமொழிக் குடும்பத்தின் வழியாக அச்சொல் தமிழுக்கு வந்து 'தச்சன்' ஆயிற்று. வந்தது நேற்றன்று. புறநானூற்றில் ஔவையார் அதியமானின் வலிமையைச் சொல்ல வரும்போது, ஒரே நாளில் எட்டுத் தேர்கள் செய்யும் ஆற்றலுள்ள தச்சன் ஒருவன் ஒரு மாதம் முழுவதும் பாடுபட்டுச் செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரத்துக்கு அவனை ஒப்பிடுகிறார். ஆகவே நம்முடைய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லை எங்கும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

தெக்தோன் என்றால் முதன்மையாக மரவேலை செய்பவர். கட்டட வேலைக்கும் அந்தச் சொல் நீளும். நாசரேத்து போன்ற சிற்றூரில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க இடமில்லை. வீட்டுச் சுவர்கள் கல்லால் ஆனவை. கூரைக்கு உத்தரமும், வாசலுக்கு நிலையும் கதவும், உழவனுக்குக் கலப்பையும் நுகமும், களத்துக்குப் போரடிக்கும் பலகையும் தச்சர் கையிலிருந்து வரவேண்டும். முறிந்தவற்றைச் சீர்ப்படுத்துவதும் அவர் வேலையே. நாசரேத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் இருந்த செப்போரிஸ் நகரத்தை அந்த ஆண்டுகளில் ஏரோது அந்திப்பா மீண்டும் கட்டினான். யோசேப்பும் இயேசுவும் அங்கே கூலிவேலைக்குச் சென்றிருக்கலாம் என்று சில அறிஞர் எழுதுகிறார்கள். சுவிசேஷங்கள் அந்த ஊரின் பெயரையே சொல்லவில்லை. நானும் அதை ஓர் ஊகமாகவே விட்டுவிடுகிறேன்.

நாசரேத்தாரின் கேள்வியில் என்ன இருந்தது? ரோம உலகத்தின் மேட்டிமையை நாம் அறிவோம். கைத்தொழில் செய்கிறவர்கள் யாவரும் இழிவான தொழிலில் ஈடுபட்டவர்கள் என்றும், பட்டறையில் மேன்மையான எதுவும் இருக்க முடியாது என்றும் சிசரோ கடமைகளைப் பற்றிய தம் நூலில் எழுதி வைத்தார். யூதர்களோ அப்படி நினைத்தவர்கள் அல்லர். மகனுக்கு ஒரு தொழிலைக் கற்பிக்காத தகப்பன் அவனுக்குத் திருட்டைக் கற்பிக்கிறான் என்று கருதிய ரபீமார் அவர்களிடையே இருந்தார்கள். பவுல் அப்போஸ்தலனும் கூடாரம் செய்து பிழைத்தார்.

அப்படியானால் இடறல் எங்கிருந்து வந்தது? ஆண்டவர் பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த ஞானியாகிய சீராக்கின் மகன், தம் நூலின் 38-ஆம் அதிகாரத்தில் உழவர், தச்சர், கொல்லர், குயவர் ஆகியோரைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். (கத்தோலிக்க சகோதரரின் வேதாகமத்தில் இந்நூல் உண்டு, நம்முடையதில் இல்லை.) இவர்கள் இல்லாமல் எந்த நகரமும் நகரமாக இராது என்று அவர் மனதார ஒப்புக்கொள்ளுகிறார். அதே மூச்சில், மக்களுடைய ஆலோசனைச் சபைக்கு இவர்களை யாரும் அழைப்பதில்லை, நியாயாசனத்தில் இவர்கள் உட்காருவதில்லை, நியாயப்பிரமாணத்தை விளக்குவது இவர்களால் ஆகாது என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு இதை எழுதவில்லை. உலகம் நடக்கிற விதத்தை எழுதினார். ஞானத்துக்கு ஓய்வு வேண்டும். தச்சருக்கு ஓய்வு ஏது?

நாசரேத்தார் பேசியதும் இதே கணக்கில்தான். நம் வீட்டுக் கதவைப் பொருத்தினவர், நம் மாட்டுக்கு நுகம் செய்து தந்தவர், இவருக்கு வேதம் எங்கிருந்து வந்தது? கதவும் நுகமும் வேண்டும். அவற்றைச் செய்தவர் வாயிலிருந்து வார்த்தை மட்டும் வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவது சபையின் வரலாற்றில் எனக்கு வருத்தம் தருகிற ஒரு பக்கம். மாற்கு சுவிசேஷத்தில் 'தச்சன்' என்று இருக்கிற இடத்தில் மத்தேயு 13:55-இல் 'தச்சனுடைய குமாரன்' என்று இருக்கிறது. லூக்கா நான்காம் அதிகாரத்தில் அது 'யோசேப்பின் குமாரன்' மட்டுமே. தொழிலின் பெயரே அங்கு இல்லை. மூன்று சுவிசேஷகரும் பரிசுத்த ஆவியினால் ஏவப்பட்டு உண்மையே எழுதினார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த வேறுபாட்டைப் பயன்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற தத்துவ அறிஞன் கிறிஸ்தவர்களைத் தாக்கி ஒரு நூல் எழுதினான். உங்கள் போதகர் மரத்திலே அறையப்பட்டவர், தொழிலும் மரவேலை, அதனால்தான் நீங்கள் எங்கே பார்த்தாலும் ஜீவவிருட்சம் என்று மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள் என்பது அவனுடைய கேலி.

ஏறக்குறைய 248-ஆம் ஆண்டில் மகா பண்டிதராகிய ஒரிகன் அவனுக்கு மறுப்பு எழுதினார். எட்டுப் புத்தகங்கள் கொண்ட பெரிய மறுப்பு அது. இந்தக் கேலிக்கு வரும்போது அவர் என்ன சொன்னார் தெரியுமா? சபைகளில் வழங்கும் எந்தச் சுவிசேஷத்திலும் இயேசுவே தச்சர் என்று எழுதப்படவில்லை என்றார்! மாற்குவின் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் மத்தேயுவில் உள்ளதுபோலவே 'தச்சனுடைய குமாரன்' என்று காணப்படுவதால், ஒரிகன் கையில் இருந்த பிரதியும் அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். நல்லெண்ணத்தோடு அப்படியே வைத்துக்கொள்வோம். ஆயினும் பிரதி எப்படி இருந்தாலும், ஆம், அவர் தச்சர்தான், அதில் என்ன குறை என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரி ஏளனமாக எறிந்த சொல்லைக் கையில் எடுத்துத் துடைத்து வைப்பதற்குப் பதிலாக, அது எங்களுடையது அன்று என்று விலகிக்கொண்டார்.

இந்தக் கூச்சம் மூன்றாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டதா என்பதை நீங்களே சொல்லுங்கள். சபையில் உங்கள் பெஞ்சில் அமர்ந்திருக்கும் மரவேலைக்காரர் ஒருவருடைய மகன் பொறியியல் படித்து நல்ல வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு அந்த வரன் வருகிறது. பையனின் தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்கும்போது உங்கள் குரலில் என்ன இருக்கும்? பதில் சொல்லும்போது அந்தப் பையனின் குரலில் என்ன இருக்கும்? கேள்வி நாசரேத்தில் கேட்கப்பட்ட அதே கேள்விதான்.

ஒரிகனுக்கு ஒரு நூறு ஆண்டு முந்திய இரத்தசாட்சியாகிய ஜஸ்டின் விலகவில்லை. அவர் சமாரியாவிலுள்ள நெயாப்போலியில், இன்றைய நாப்லூஸில், பிறந்தவர். நாசரேத்துக்கும் அந்த ஊருக்கும் சுமார் 50 கிலோமீட்டர்தான். திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலாக அவர் எழுதிய நூலில், ஆண்டவர் மனிதரோடு வாழ்ந்த நாட்களில் தச்சராகக் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று தயக்கமின்றி எழுதுகிறார். நுகம் செய்வது எளிய வேலையாகத் தோன்றும். மாட்டின் கழுத்தில் எந்த இடம் பாரம் தாங்கும், எந்த இடம் புண்ணாகும் என்று அறிந்து, அந்த வளைவுக்கு மரத்தைச் செதுக்க வேண்டும். ஒரு விரற்கடை பிசகினால் மாடு ஏரில் நிற்காது. மத்தேயு பதினொன்றாம் அதிகாரத்தின் முடிவில் ஆண்டவர் தம்முடைய நுகத்தைப் பற்றிப் பேசுவதை இந்த அறிவோடு வாசியுங்கள். அவருடைய கடைவாசலில் நுகத்தைப் புகழும் பலகை ஒன்று தொங்கியது என்று பிரசங்கங்களில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. வசனத்துக்கு அந்தக் கதையின் துணையும் தேவையில்லை.

ஏளனத்துக்குச் சபை தைரியமாகப் பதில் சொன்ன ஒரு சந்தர்ப்பத்தையும் சபை வரலாற்றாசிரியர் தியோடோரெட் பதிவுசெய்திருக்கிறார். கிறிஸ்தவத்தை விட்டு விலகிய பேரரசன் ஜூலியன் பெர்சியாவுக்குப் படையெடுத்துச் சென்றிருந்தான். அந்தியோகியாவில் புகழ்பெற்ற நாவலரும் ஜூலியனின் ஆதரவாளருமாகிய லிபானியஸ், ஒரு கிறிஸ்தவ ஆசிரியரைப் பார்த்து, உங்கள் தச்சன் மகன் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று கேட்டாராம். சவப்பெட்டி ஒன்று செய்துகொண்டிருக்கிறார் என்று அந்த ஆசிரியர் பதிலளித்தாராம். 363-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜூலியன் போர்க்களத்தில் காயமுற்று இறந்தான். கேட்க ருசியான கதைதான். ஆனாலும் அந்தப் பதிலை நான் பிரசங்கத்தில் எடுப்பதில்லை. நுகம் செய்த கரங்களுக்கு அந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்துக் கலிலேயாவில் தச்சு வேலை உண்மையில் எப்படி இருந்தது? மரம் மண்ணில் நிலைப்பதில்லை. செய்த கதவும் கலப்பையும் நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் ஒன்று வந்து சேர்ந்தது. 1986 ஜனவரியில், மழை பொய்த்துக் கெனேசரேத்துக் கடலின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தபோது, வடமேற்குக் கரையிலுள்ள கினோசார் குடியிருப்பைச் சேர்ந்த மோஷே லுஃபான், யுவால் லுஃபான் என்ற இரண்டு மீனவச் சகோதரர்கள் சேற்றில் ஒரு படகின் வடிவத்தைக் கண்டார்கள். ஷெல்லி வாக்ஸ்மன் என்ற தொல்லியலறிஞரின் தலைமையில் 11 நாட்கள், இரவும் பகலுமாக அதைத் தோண்டியெடுத்தார்கள். அதற்குள் கடல் மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டதால் சுற்றிலும் கரை கட்ட வேண்டியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டு நீரில் ஊறிய மரம் கைபட்டாலே நொறுங்கும். ஆகவே ஒர்னா கோஹென் என்ற பாதுகாப்பு நிபுணர் படகு முழுவதையும் நுரைப்பஞ்சால் பொதியச் செய்து, அதைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு அருங்காட்சியகம் வரை கொண்டு சேர்த்தார். பின்பு பல ஆண்டுகள் மெழுகுக் கரைசலில் அது கிடந்தது.

எஞ்சியுள்ள நீளம் சுமார் 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். மரத்தின் கரிமக் கணக்கு கி.மு. 40-ஐச் சுட்டுகிறது, முன்பின் 80 ஆண்டுகள் தள்ளி. அதாவது ஆண்டவருடைய நாட்களும் அந்த எல்லைக்குள் அடங்கும். சுற்றுலா வழிகாட்டிகள் இதை 'இயேசுவின் படகு' என்று சொல்லுவார்கள். பரிசுத்த பூமிப் பயணம் போகிற நம் சபையார் அந்தப் பெயரை நம்பிவிட வேண்டாம். ஆண்டவர் இதில் ஏறினார் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. அவர் ஏறிய படகுகள் இத்தகையவையாக இருந்திருக்கும் என்பதுவரை சொல்லலாம்.

அந்தப் படகைக் கட்டிய முறையைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். தச்சு வேலை தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு விளக்குங்கள். இன்று மரப்படகு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விலா எலும்புகளைப் போன்ற வளைசட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அடிக்கிறார்கள். அன்றைய மத்தியதரைக் கடல் தச்சர்கள் பலகைகளையே முதலில் ஒன்றோடொன்று விளிம்புக்கு விளிம்பாகப் பூட்டி ஓட்டை எழுப்பினார்கள்; வளைசட்டங்கள் பிறகுதான் உள்ளே வந்தன. பூட்டும் விதம் இது. இரண்டு பலகைகளின் விளிம்பிலும் நேருக்கு நேராக உளியால் ஒடுங்கிய துளைகள் வெட்ட வேண்டும். தட்டையான கெட்டி மரத்துண்டு ஒன்றைக் கீழ்ப்பலகையின் துளையில் பாதி இறக்கி, மீதிப் பாதியின்மேல் மேல்பலகையைப் பொருத்திக் கொட்டாப்புளியால் தட்டி இறுக்க வேண்டும். பிறகு பலகையின் முகத்திலிருந்து அந்தத் துண்டின் ஊடாக மேலும் கீழும் துளையிட்டு, மர ஆணியை அடித்துச் சேர்த்துவிட்டால் அது அசையாது. நீர் பட்டு மரம் ஊதும்போது இன்னும் இறுகும். ஒரு படகுக்கு இப்படி நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். ஒரு துளை அரை விரல் தள்ளிப்போனால் பலகை கூடாது. (நம்முடைய சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளில் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள், அலை மோதும்போது வளைந்துகொடுக்க அது ஏற்றது. அது வேறொரு மரபு.)

கருவிகளோ நம் தச்சர்களுக்கு அந்நியமானவை அல்ல. கோடரி, வாய்ச்சி, ரம்பம், உளி, வில்லின் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக இழுத்துச் சுழற்றும் துரப்பணம். இழைப்புளியும் ரோமர் காலத்தில் இருந்தது. பொம்பேயில் எரிமலைச் சாம்பலின் கீழிருந்து கிடைத்திருக்கிறது. ஏசாயா 44:13-இல் தீர்க்கதரிசி விக்கிரகம் செய்கிறவனைக் கேலி செய்கிறார். ஆனால் நூல் பிடிப்பதும், உளியால் உருப்படுத்துவதும், கவராயத்தால் அளப்பதும் அங்கே வரிசை தவறாமல் வருகின்றன. பட்டறையில் நின்று பார்த்தவருடைய கண் அது.

இந்தப் படகில் என்னை மிகவும் தொட்டது மரம். பெரும்பாலான பலகைகள் கேதுரு. வளைசட்டங்களில் பெரும்பாலானவை கர்வாலி. அவற்றோடு இன்னும் பத்து வகை மரங்கள், ஆக மொத்தம் 12 வகை மரங்கள் ஒரே படகில்! இளைய குமாரன் பசியில் ஆசைப்பட்ட தவிடு எந்த மரத்தின் காய் என்று அறிஞர் பலர் கருதுகிறார்களோ அந்தக் கரோப் மரம் உண்டு. சகேயு ஏறின வகையான காட்டத்தி உண்டு. முள்ளுள்ள இலந்தை உண்டு. எந்தத் தச்சரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பட்டியல் இதுவன்று. படகின் முதுகெலும்பாகிய அடிமரத்தின் முன்பாதி நல்ல கேதுரு. ஆனால் அது ஏற்கெனவே வேறொரு படகில் உழைத்துக் கழிந்த மரம், பழைய துளைகளின் தழும்போடு இருக்கிறது. பின்பாதி இலந்தை. வளைசட்டங்கள் சிலவற்றில் மரப்பட்டைகூட நீக்கப்படவில்லை. பண்டைய கப்பல் கட்டுமானத்தில் தேர்ந்த ரிச்சர்ட் ஸ்டெஃபி இதை ஆராய்ந்து, மத்தியதரைக் கடலோரத்துத் தச்சர் தள்ளிவிட்டிருக்கக்கூடிய மரங்கள் இவை என்றும், கட்டினவரோ அந்த மரபை நன்கு கற்றவர் என்றும் முடிவுசெய்தார்.

கை தேர்ந்தது, மரம் ஏழ்மையானது. கலிலேயாவின் நிலை அதுதான். நீண்ட நேரான மரத்துக்கு லீபனோனிலிருந்து பணம் கொடுத்து வரவழைக்க வேண்டும். மீனவரிடம் பணம் ஏது? ஆகவே தச்சர் கிடைத்த துண்டை எடுத்துப் பார்த்து, எது எங்கே பொருந்தும் என்று யோசித்து, வளைந்ததை வளைவான இடத்தில் வைத்தார். உளுத்த பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் வேறு மரத்தால் ஒட்டுப் போட்டார். படகு மீண்டும் மீண்டும் பழுதுபார்க்கப்பட்டு நீண்ட காலம் உழைத்திருக்கிறது. நாசரேத்து மேட்டிலும் வேலை இதிலிருந்து வெகுவாக வேறுபட்டிருக்காது என்று நினைக்கிறேன். அரண்மனைக்குச் சிங்காசனம் செய்த கரங்களாக ஆண்டவரின் கரங்களைக் கற்பனை செய்யாதீர்கள். யாத்திராகமம் 31-இல் பெசலெயேல் தேவஆவியினால் நிரப்பப்பட்டு மரத்தையும் பொன்னையும் வேலைப்படுத்தினான், அது ஆசரிப்புக்கூடாரத்துக்கு. இவரோ ஓர் ஏழை ஊரில், ஏழைகளுடைய முறிந்த கலப்பைகளுக்கு மத்தியில், கிடைத்த மரத்தோடு பல ஆண்டுகள் உழைத்தார்.

கடைசியில் அந்தப் படகுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் ஸ்டெஃபி மரத்திலிருந்தே வாசித்தார். புயலில் அது மூழ்கவில்லை. இனிமேல் ஒட்டுப் போட்டும் பயனில்லை என்ற நாள் வந்தபோது, தச்சர் அதைக் கரைக்கு இழுத்து, இன்னும் உறுதியாயிருந்த பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முன்முனை மரம் இல்லை. பின்முனை மரம் இல்லை. பாய்மரம் நின்ற அடிக்கட்டை இல்லை. மீந்த கூட்டைத் தண்ணீரில் தள்ளிவிட்டார். அது சேற்றில் இறங்கி நமக்காகக் காத்திருந்தது. அதே இடத்தில் வேறு படகுகளின் துண்டுகளும் கிடைத்ததால், அது படகு கட்டும் துறையாக இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கழற்றிய மரங்கள் அடுத்த படகுக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.